ஏழு படிகளில் ஓர் எண்

கணிப்பொறிக்கு நிரல் எழுதுதல் இன்று பிழைப்புக்குரிய தொழிலாகவே பெரிதும் பேசப்படுகிறது. புனே நகருக்கு வந்து சேரும் தமிழ் இளைஞரிடம் “எதற்காக வந்தீர்கள்?” என்று கேட்டால், சிலர் பல்கலைக்கழகத்தைச் சொல்வர், பலர் ஹிஞ்சவடியைச் சொல்வர். பல்கலைக்கழகத்தைச் சொன்னவரும் இரண்டு ஆண்டு கழித்து ஹிஞ்சவடிக்கே போகும் எண்ணமுடையவராக இருப்பார். இதில் குற்றம் காண்பதற்கில்லை. கடன் வாங்கிப் படிக்கவைத்த பெற்றோரை ஊரிலே விட்டு வந்த என்னைப் போன்றோர், சம்பளத்தை இழித்துப் பேசுவது பொருந்தாது.

எனினும், நிரல் எழுதும் பயிற்சி எழுதுபவனின் அறிவை எவ்வாறு பண்படுத்துகிறது, அவனுடைய ஆசையின் அளவை எவ்வாறு மாற்றுகிறது என்பவற்றை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பொதுப்படப் பேசினால் வெறும் உபதேசமாகிவிடும். ஆதலின் ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, அதனை நிரலாக எழுதிப் பார்த்து, அதன் வழியே சொல்ல முயல்கிறேன். இந்நகரிலே கல்லூரிக் கல்வி பெற்ற ஒரு பள்ளி ஆசிரியர் நமக்குத் தந்த கணக்கு அது. கணிதம் பயிலாத அன்பர்களும் தயங்காமல் தொடரலாம். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

தேவ்லாலி ஆசிரியர்

தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர் 1905-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17-ஆம் நாள், மராட்டியக் கடற்கரை ஊராகிய டஹாணுவில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். தானே நகரில் பள்ளிப் படிப்பை முடித்து, 1923-இல் புனே ஃபெர்குசன் கல்லூரியில் சேர்ந்தார். 1927-இல் கணிதத்திற்கான ராங்லர் பராஞ்சபே பரிசைப் பெற்றார். 1929-இல் அவர் பெற்ற பட்டம் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தினுடையது. நாம் இன்று பயிலும் புனேப் பல்கலைக்கழகம் அப்போது தோன்றவே இல்லை. முதுநிலைக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. 1930 முதல் 1962 வரை நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகவே பணியாற்றினார்.

பள்ளி வேலை போக எஞ்சிய நேரத்தை அவர் எண்களுக்குக் கொடுத்தார். 45 என்னும் எண்ணைப் பாருங்கள். அதனை அதனாலேயே பெருக்கினால் 2025. அதனை இரண்டாகப் பிரித்துக் கூட்டினால், 20-உம் 25-உம் சேர்ந்து மீண்டும் 45. இத்தகைய எண்கள் இன்று அவர் பெயராலேயே கப்ரேகர் எண்கள் எனப்படுகின்றன. வேறொரு வகை எண்களுக்குத் தாம் வாழ்ந்த தேவ்லாலியின் பெயரையே வைத்தார். பெரிய ஆய்வுக்கூடமோ, உதவியாளரோ, கருவியோ அவருக்கு இல்லை. தாளும் பென்சிலும் பொறுமையுமே இருந்தன.

அவர் கண்டவற்றுள் புகழ் மிக்கது 6174 என்னும் எண்ணின் இயல்பு. இதனை அவர் 1946-இல் கண்டார். 1949-இல் சென்னையில் கூடிய கணித மாநாட்டில் அறிவித்தார். 1955-இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ‘ஸ்கிரிப்டா மேத்தமேட்டிகா’ என்னும் இதழில் அது கட்டுரையாக வெளிவந்தது. இந்தியாவின் முதல் மின்னணுக் கணிப்பொறி கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அமைக்கப்பட்டதும் ஏறத்தாழ அக்காலத்திலேதான். எனவே இக்கண்டுபிடிப்பு கணிப்பொறியின் உதவி இன்றிப் பிறந்தது என்பதில் ஐயமில்லை.

கணக்கு இதுதான்

நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்கங்களும் ஒன்றுபோல இருக்கக் கூடாது. அவ்விலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக இறங்குவரிசையில் எழுதுங்கள். பிறகு சிறியதிலிருந்து பெரியதாக ஏறுவரிசையில் எழுதுங்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழியுங்கள். வரும் விடைக்கும் இவ்வாறே செய்யுங்கள்.

சென்னை மாநாடு நடந்த 1949 என்னும் ஆண்டையே எடுத்துக்கொள்வோம்.

9941 − 1499 = 8442
8442 − 2448 = 5994
9954 − 4599 = 5355
5553 − 3555 = 1998
9981 − 1899 = 8082
8820 − 0288 = 8532
8532 − 2358 = 6174

இனி 6174-ஐ எடுத்துச் செய்தால், 7641 − 1467 = 6174. வந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. 1949 மட்டுமா? எந்த எண்ணில் தொடங்கினும் முடிவு இதுவே. ஏழு படிகளுக்கு மேல் எந்த எண்ணுக்கும் தேவையில்லை. மாநாட்டின் ஆண்டாகிய 1949-க்கு அந்த ஏழு படிகளும் தேவைப்படுவது தற்செயலாக அமைந்த ஒரு சுவை.

நிரலாக எழுதுவோம்

சங்கத்தில் இளைய மாணவர் சிலருக்கு நான் நிரல் எழுதுதல் குறித்துப் பாடம் சொல்வதுண்டு. இக்கணக்கையே முதற் பயிற்சியாகத் தருவேன். பெரும்பாலோர் முதலில் எழுதுவது இவ்வாறு அமையும்:

1. ஓர் எண்ணை வாங்கு.
2. அதன் இலக்கங்களைப் பிரி.
3. இறங்குவரிசையில் அடுக்கி ஓர் எண்ணாக்கு.
4. ஏறுவரிசையில் அடுக்கி மற்றோர் எண்ணாக்கு.
5. முன்னதிலிருந்து பின்னதைக் கழி.
6. விடை 6174 ஆயின் நில். இல்லையேல் விடையை எடுத்துக்கொண்டு இரண்டாம் கட்டளைக்குப் போ.

மனிதருக்கு இந்த ஆறு வரிகள் போதும். கணிப்பொறிக்குப் போதா. மூன்று இடங்களில் அது தடுக்கி விழும்.

முதலாவது, சுழியம் பற்றியது. 2111 என்னும் எண்ணை எடுங்கள். 2111 − 1112 = 999. அடுத்த படியில் 999-இலிருந்து 999-ஐக் கழித்துச் சுழியத்தை அடைந்து, கணிப்பொறி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். இது நான்கு இலக்கக் கணக்கு; ஆகவே விடையை 0999 என்றே கொள்ள வேண்டும். அவ்வாறு கொண்டால் 9990 − 0999 = 8991; பின்பு 8082, 8532, 6174. ஐந்து படிகளில் கணக்கு முடிகிறது. தாளில் செய்யும் மாணவர் கேட்காமலே சுழியத்தை முன்னால் போட்டுக்கொள்கிறார். அவர் கைக்குத் தெரிந்தது அவருடைய கட்டளையில் இடம் பெறவில்லை.

இரண்டாவது, விலக்கு பற்றியது. 1111, 2222 போன்றவற்றில் இறங்குவரிசையும் ஏறுவரிசையும் ஒன்றே, விடை சுழியம். கணக்கைச் சொல்லும்போது இவை கூடாது என்று சொன்னோம். நிரலில் சொன்னோமா? சொல்லாத நிபந்தனையைக் கணிப்பொறி தானே அறிந்துகொள்ளாது.

மூன்றாவது, நிறுத்தம் பற்றியது. இதுவே ஆழமானது. நான்கு இலக்கங்களில் 6174 உண்டு என்பதால், இரண்டு இலக்கங்களிலும் அத்தகைய எண் ஒன்று இருக்கும் என நம்பி, “மாறாத எண் வரும்வரை ஓடு” என்று எழுதினால் என்ன ஆகும்? 81-இலிருந்து 63, 63-இலிருந்து 27, 27-இலிருந்து 45, 45-இலிருந்து 09, அதிலிருந்து மீண்டும் 81. செக்குமாடு போல அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து இலக்கங்களிலும் மாறாத எண் கிடையாது. 53955-இலிருந்து 59994, அதிலிருந்து மீண்டும் 53955 என்பது போன்ற மூன்று சுழற்சிகளே உண்டு. ஆகவே, கடந்து வந்த எண்களையெல்லாம் நினைவில் வைத்து, முன்பு வந்த எண் மறுபடி வந்தால் நிற்கச் சொல்வதே தக்க முறை. முடிவு எப்படி இருக்கும் என்று முன்னரே முடிவுகட்டிக்கொண்டு தேடுபவன், முடிவு வேறாக இருப்பின் என்றும் நிற்கமாட்டான்.

இம்மூன்றையும் எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஒரு செய்தி நமக்குத் தெரியும் என்று நாம் நினைப்பதற்கும், அதனை ஒன்றும் அறியாத ஒருவனுக்குக் குறைவின்றிச் சொல்வதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. அத்தூரத்தை அளந்து காட்டும் கோல் நிரல். ஆசிரியரிடம் பாதி சொன்னால் மீதியை அவர் கருணையோடு நிரப்பிக்கொள்வார். கணிப்பொறியிடம் அக்கருணை இல்லை. அது இல்லாமையே நமக்குப் பயன்.

9990-உம் 54-உம்

நிரல் செம்மையானதும், 0000 முதல் 9999 வரை உள்ள பதினாயிரம் எண்களையும் அதனிடம் கொடுக்கலாம். ஒரே இலக்கம் உள்ள பத்து எண்கள் நீங்க, எஞ்சுவன 9990. என் சாதாரண மடிக்கணினிக்கு இவ்வேலை கண்ணிமைக்கும் நேரம். விடை வருமாறு: ஒரு படியில் 6174-ஐ அடைவன 383 எண்கள், இரண்டு படிகளில் 576, மூன்றில் 2400, நான்கில் 1272, ஐந்தில் 1518, ஆறில் 1656, ஏழில் 2184. இவற்றோடு 6174-ஐயும் சேர்த்தால் 9990 சரியாகிறது.

இத்துடன் நிறுத்திவிடலாம். எல்லா எண்களையும் சோதித்தாயிற்று, உண்மை உறுதியாயிற்று. ஆனால் ‘ஏன்’ என்னும் வினா நிற்கிறது. சற்றே எண்ணிப் பாருங்கள். கழித்தலின்போது மிகப் பெரிய இலக்கம் மேல்வரியில் ஆயிரத்தின் இடத்திலும், கீழ்வரியில் ஒன்றின் இடத்திலும் நிற்கிறது. மிகச் சிறிய இலக்கம் இதற்கு நேர்மாறு. ஆகவே இவ்விரண்டின் வேறுபாட்டை 999-ஆல் பெருக்க வேண்டும். நடுவில் நிற்கும் இரண்டு இலக்கங்களும் நூறின் இடத்தையும் பத்தின் இடத்தையும் மாற்றிக்கொள்கின்றன. அவற்றின் வேறுபாட்டை 90-ஆல் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் விடை. 1949-இல் இலக்கங்கள் 9, 9, 4, 1. முதல் வேறுபாடு 8; நடு வேறுபாடு 5. எட்டை 999-ஆல் பெருக்க 7992, ஐந்தை 90-ஆல் பெருக்க 450, கூட்ட 8442. நாம் முன்னே கண்ட விடையே வருகிறது.

இலக்கங்கள் அனைத்தும் ஒன்றாக இராமையால் முதல் வேறுபாடு 1 முதல் 9 வரை இருக்கலாம். நடு இலக்கங்கள் மற்ற இரண்டுக்கும் இடைப்பட்டவை; ஆதலின் நடு வேறுபாடு முதல் வேறுபாட்டை மிஞ்சாது. இவ்வாறு அமையக்கூடிய இணைகளை எண்ணினால் 2, 3, 4 எனத் தொடங்கி 10 வரை கூட்டி 54 வருகிறது. அதாவது, 9990 எண்களில் எதனை எடுத்தாலும், முதற் படி முடிந்ததும் நீங்கள் நிற்பது 54 எண்களுள் ஒன்றில்தான். அந்த ஐம்பத்து நான்கைத் தாளில் சோதித்துவிடலாம். ஒரு மாலைப் பொழுது போதும்.

நிரல் எனக்கு விடையைத் தந்தது. ஐம்பத்து நான்கு என்னும் எண் விளக்கத்தைத் தந்தது. முன்னதைப் பெற்ற நாளில் மகிழ்ந்தேன். பின்னதைப் பெற்ற நாளில் அறைத் தோழரை எழுப்பிச் சொன்னேன்.

இயந்திரத்தின் எல்லை

எல்லாவற்றையும் சோதித்து முடிவு காணும் வழி எப்போதும் உதவுமா? உதவாது. 1937-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் லோதர் கொலாட்சு எழுப்பிய வினா ஒன்று உண்டு. ஓர் எண்ணை எடுங்கள். இரட்டைப்படையாயின் பாதியாக்குங்கள். ஒற்றைப்படையாயின் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். இவ்வாறே செய்துகொண்டு போனால் முடிவில் 1 வருமா? 27-இல் தொடங்கினால் 9232 வரை ஏறி, 111 படிகளுக்குப் பின் 1-ஐ அடைகிறது. 2020-ஆம் ஆண்டளவில் 2-இன் 68-ஆம் அடுக்கு வரையுள்ள எண்களெல்லாம் கணிப்பொறியால் சோதிக்கப்பட்டுவிட்டன. யாவும் 1-ஐ அடைந்தன. எனினும் எல்லா எண்களும் அடையும் என்று இன்றுவரை எவராலும் நிறுவ இயலவில்லை. 6174-இன் கணக்கில் எண்களுக்கு எல்லை உண்டு. இங்கே எல்லை இல்லை.

நம் புனே நகரில் 1988-இல் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பெற்று, 1991-இல் பரம் 8000 என்னும் மீத்திறன் கணிப்பொறி உருவாயிற்று. பல சிறு செயலிகள் வேலையைப் பகிர்ந்துகொண்டு ஒருங்கே செய்வது அதன் முறை. வேலையை எத்தனை பங்காகப் பிரித்தாலும், முடிவில்லாத ஒன்றைப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் முடிவில்லாததாகவே இருத்தல் கூடும். அவ்விடத்தில் வேகம் பயன்படாது. ஐம்பத்து நான்கு போன்ற ஒரு விளக்கமே பயன்படும். கொலாட்சு வினாவுக்கு அத்தகைய விளக்கம் இன்னும் பிறக்கவில்லை.

ஆசையும் அதன் அளவும்

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் வேண்டியதைச் சொன்னால் கப்ரேகர் கணக்குக்கான நிரலை நொடியில் எழுதித் தருகிறது. நானும் கேட்டுப் பார்த்தேன். முன்னே சொன்ன சுழியங்களையும் விட்டுவிடாமல் சரியாகவே எழுதியது. “அவ்வாறாயின் நாம் எதற்கு?” என்னும் கேள்வி என் வகுப்புத் தோழர் பலருடைய உள்ளத்தில் இருக்கிறது, என் உள்ளத்திலும் இருக்கிறது. ஞாயிறுதோறும் தொலைபேசியில், “படிப்பு எப்போது முடியும்? வேலை கிடைக்குமா தம்பி?” என்று அப்பா கேட்கும்போது, அக்கேள்வி ஏட்டளவில் நிற்பதில்லை.

நான் இதுவரை கண்ட விடை இது. நிரல் எழுதும் திறன் ஒன்றையே வளர்ச்சி என்று கொண்டவனுக்கு இன்று அச்சம் உண்டு. ஏனெனில் அது இப்போது கடையில் கிடைக்கும் சரக்கு. எழுதித் தந்ததைச் சோதிக்கத் தெரிந்தவன், சொல்லப்படாத நிபந்தனையைக் கண்டுபிடிக்கப் பழகியவன், 9990-ஐ 54-ஆகக் குறைக்க முடியுமா என்று கேட்பவன் ஆகியோருக்கு அச்சம் குறைவு. இப்பழக்கங்கள் வருவதற்கோ, தன் கையால் பல நிரல்களை எழுதி எழுதிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியை நான் அறியேன். முடிந்த பொருளை வாங்குவது எளிது. செய்தவனிடம் தங்கும் தேர்ச்சி வாங்குபவனிடம் தங்காது.

ஆசையைப் பற்றியும் ஒரு சொல். கப்ரேகர் வாழ்வை நான் மிகைப்படுத்திப் பேச விரும்பவில்லை. அவருடைய ஆய்வை அற்பமென ஒதுக்கியவர் பலர். 1966-இல் மனைவியை இழந்தார். ஓய்வூதியம் போதாமையால், முதுமையிலும் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளினார். 1975-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மார்ட்டின் கார்ட்னர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய பின்னரே உலகம் அவரைப் பரவலாக அறிந்தது. அப்போது அவருக்கு வயது எழுபது. 1986-இல் மறைந்தார். வறுமை அறிவுக்கு அணிகலன் என்று சொல்வோர் சொல்லட்டும்; நான் சொல்லமாட்டேன். அவருக்கு வசதி இருந்திருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும்.

ஆனால் ஒன்றை மறக்க முடியவில்லை. 6174-ஐக் கண்டபோது அவருக்கு வயது 41. பதினாறு ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியிருந்தார். வேலையை விட்டுவிட்டு வினாவைத் தேடிப் போகவில்லை. வேலை இருக்கிறதென்று வினாவைக் கைவிடவுமில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டார். வேலை பெரிதா, ஆராய்ச்சி பெரிதா என்று விடுதியில் நள்ளிரவு வரை வாதிடும் நமக்கு இது தக்க முன்மாதிரி. படிப்பு முடிந்ததும் நானும் வேலைக்குத்தான் போவேன். அப்பாவிடம் அவ்வாறே சொல்லியிருக்கிறேன். ஆயினும் எனக்கென்று ஒரு வினாவை உடன் எடுத்துச் செல்வேன். நேர்காணலில், எத்தனை நிரல்மொழிகள் தெரியும் என்று கேட்கிறார்கள். நான் எழுதிய நிரல்களுள் எத்தனைக்குக் காரணம் சொல்ல முடியும் என்று ஆண்டுக்கு ஒருமுறை என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். அவ்வெண் கூடியிருந்தால் வளர்ந்திருக்கிறேன் என்று கொள்கிறேன்.

அன்பர்களுக்கு ஒரு பயிற்சி

மூன்று இலக்க எண்களுக்கும் இதே கணக்கைச் செய்யலாம். முடிவில் வரும் எண் 495. இங்கே நடு இலக்கம் இரண்டு வரிகளிலும் ஒரே இடத்தில் நிற்பதால் கழிந்துபோகிறது. எஞ்சிய இரண்டு இலக்கங்களின் வேறுபாட்டை 99-ஆல் பெருக்கினால் விடை. ஆகவே முதற் படியில் வரக்கூடியவை ஒன்பது எண்கள் மட்டுமே: 099, 198, 297, 396, 495, 594, 693, 792, 891. இந்த ஒன்பதும் எவ்வழியே 495-ஐ அடைகின்றன, அதிகம் போனால் எத்தனை படிகள் தேவை என்பவற்றைக் கண்டுபிடியுங்கள். கணிப்பொறி வேண்டாம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இரயிலில் உட்கார்ந்து, பயணச்சீட்டின் பின்புறத்திலேயே செய்து பார்க்கலாம். தௌண்டு சந்திப்பு வருவதற்குள் முடித்துவிடலாம். முடித்தபின், நான்கு இலக்கத்தின் ஐம்பத்து நான்கு எண்களைத் தொடங்குங்கள். அதற்குச் சோலாப்பூர் வரை நேரம் இருக்கிறது.